மூன்று கீறலும் வலது பக்கம்

பிப்ரவரி 4, செவ்வாய், காலை 7.40

அக்காவுக்கு,

உன் கடிதம் மூன்று பக்கம். அதில் கார் இன்ஷூரன்ஸ் பற்றி நாலே வரி. மிச்சமெல்லாம் வாண்டுவுக்குப் பல் விழுந்த கதை. நான் நலம். பல் விழுந்த இடமும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் பேச்சை வெட்டுகிறேன் என்று நீ என்னோடு போனில் பேசுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. "எழுதினாதான்டா நீ என்னை முடிக்க விடுவ" என்றாய். சரி, முடி. ஆனால் விஷயத்தை முதல் வரியில் எழுது.

"காருக்கு வயசாக ஆக அதோட விலை குறையுது. இன்ஷூரன்ஸ் மட்டும் ஏன்டா ஏறுது?" என்று கேட்டிருக்கிறாய். உன் காருக்கு இன்ஷூரன்ஸ் கொடுப்பது வேறு கம்பெனி. ஆனால் விலை போடுகிற பிரிவில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன், எல்லா இடத்திலும் கணக்கு ஒன்றுதான். கம்பெனி காருக்கு விலை போடுவதில்லை. அந்தக் கார் எதிலாவது போய் இடிக்கும் வாய்ப்புக்கு விலை போடுகிறது. கார் என்ன விலை என்பது அதில் ஒரு துண்டு. பாக்கியெல்லாம் ஆளைப் பொறுத்தது. யார் ஓட்டுகிறார், முன்பு எத்தனை தடவை க்ளெய்ம் கேட்டார், எவ்வளவு தூரம் போகிறது, ராத்திரி எங்கே தூங்குகிறது. காரைத்தான் சொல்கிறேன். தெருவில் தூங்கும் காரும் கேட்டுக்குள் தூங்கும் காரும் ஒரே விலை இல்லை.

கீழே இருப்பதற்குப் பதில் எழுது. கதை வேண்டாம்.

1. யார் யார் ஓட்டுகிறீர்கள்? வயது?
2. வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?
3. வேலைக்குப் போகவா, வீட்டு உபயோகத்துக்கா?
4. ராத்திரி எங்கே நிற்கிறது?
5. இதுவரை எத்தனை க்ளெய்ம்? அப்போது யார் ஓட்டினார்?
6. இடித்தால் முதல் செலவில் எவ்வளவு கைக்காசு போடத் தயார்? அது கூடினால் பிரீமியம் குறையும்.
7. ஓட்டுபவர்களில் யாருக்காவது கண், காது, வலிப்பு, இதயம் என்று ஏதாவது கோளாறு உண்டா?

அத்தானுக்கு வணக்கம். விழுந்த பல்லுக்கு க்ளெய்ம் கிடையாது என்று வாண்டுவிடம் சொல்.

உன்,
கணக்கு


பிப்ரவரி 19

அன்புத் தம்பி கணக்குக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது கம்ப்யூட்டர் முன்னால் பிஸ்கட்டைக் கொறித்துவிட்டுப் படுக்கிறாயா? இது உன் பட்டியலில் இல்லாத கேள்வி. பதில் எழுது.

ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத நீ ஊரில் உள்ளவன் காருக்கெல்லாம் விலை போடுகிறாய். நீச்சல் தெரியாதவன் ஆற்றுக்கு ஆழம் சொன்ன மாதிரி. இருக்கட்டும், எழுதுகிறேன்.

ஓட்டுவது அவரும் நானும். அவருக்கு நாற்பத்தெட்டு, எனக்கு முப்பத்தொன்பது. வருஷத்துக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டர் இருக்கும். காலையில் வாண்டுவைப் பள்ளியில் விட்டுவிட்டு அவர் டிரைவிங் ஸ்கூலுக்குப் போவார். சில நாள் நான் மருந்துக் கடைக்கு எடுத்துப்போவேன். ராத்திரி தெருவில்தான் நிற்கிறது, எங்கள் கேட் குறுகல் என்று உனக்கே தெரியும். கைக்காசு கொஞ்சம் போடலாம். க்ளெய்ம் இரண்டு. போன ஜூனில் பள்ளிக்கூடச் சுவர், நவம்பரில் ஓரமாக நின்ற ஒரு தள்ளுவண்டி. இரண்டும் நான் ஓட்டியபோது.

உன் அத்தான் பெயரில் ஒன்றுகூடக் கிடையாது. ஸ்கூல் வாசல் பலகையை நீ பார்த்திருக்கிறாயே. ஜனவரி பிறந்ததும் பெயிண்டர் ஏணியோடு வந்து பதினெட்டை அழித்துவிட்டு எழுதிப்போனார்: 'பத்தொன்பது ஆண்டு, ஒரு கீறல் இல்லை.' அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேன் என்று சேர வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எதிர்க்கடைக்காரர்கூட அவரை 'மெதுவா சார்' என்றுதான் கூப்பிடுகிறார். கற்றுக்கொள்கிற பையன் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னாலேயே "மெதுவா, மெதுவா" என்று ஆரம்பித்துவிடுவார் அல்லவா, அதனால்.

நேற்று சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் வைத்த டீயைக் கை பட்டுக் கொட்டிவிட்டார். இந்த மாதம் மூன்றாவது. "அப்பா, டம்ளருக்கு இண்டிகேட்டர் மாட்டணும்" என்கிறாள் வாண்டு. இது கதைதான். நீ படிக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 2, ஞாயிறு, காலை 11.15. கேள்வி ஏழு, பதில் ஆறு

அக்காவுக்கு,

பிஸ்கட்தான். அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

கணக்குப் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், உன் பிரீமியத்தை ஏற்றுவது நீதான். ஒரே வருஷத்தில் இரண்டு க்ளெய்ம், இரண்டும் உன் பெயரில். அதுவும் நின்றுகொண்டிருந்த தள்ளுவண்டி! அது என்ன, ஹாரன் அடிக்காமல் நின்றதா? சுவர்தான் குறுக்கே ஓடி வந்ததா? ஊருக்கே டிரைவிங் சொல்லிக்கொடுப்பவர் வீட்டில் இப்படி ஒரு மாணவி.

செய்ய வேண்டியவை:

உங்களுடையது பெயர் எழுதியவர் மட்டும் ஓட்டக்கூடிய பாலிசி, அதிலிருந்து உன் பெயரை எடுத்துவிடு. அத்தான் மட்டும் ஓட்டட்டும். பத்தொன்பது வருஷம் கீறல் இல்லாத மனிதர், தொழிலே அது. எந்தக் கம்பெனியும் அவர் பெயரைப் பார்த்ததும் விலையைக் குறைக்கும்.

ராத்திரி காரை உள்ளே நிறுத்துங்கள். கேட் குறுகல் என்பது சாக்கு. உன் கார் அகலம் எனக்குத் தெரியும், உன் கேட் அகலமும் தெரியும். இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம் இருக்கும். அத்தானுக்கு ஒரு சாண் தாராளம்.

நீ கடைக்கு பஸ்ஸில் போ. கிலோமீட்டர் குறையும்.

மொத்தத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டு குறைகிறது. இதில் பாசம் பார்க்க ஒன்றுமில்லை, வெறும் கழித்தல்.

ஏழாம் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. 'இல்லை' என்றால் இல்லை என்று எழுது. ஒரு வார்த்தைதானே.

கணக்கு


மார்ச் 27

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை அத்தானிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான்தான் ஆரம்பித்தேன். "பிரீமியம் கூடினா கூடட்டும். என் பேரும் இருக்கட்டுமே. காலைல புள்ளைய நானே கொண்டு விடறேன்."

"உன் தம்பி போட்ட கணக்கு தப்பாவா இருக்கும்? அவனுக்குப் பொய் சொல்லவும் வராது, ஆறுதல் சொல்லவும் வராது. எழுதினா அது சரியாத்தான் இருக்கும்" என்றார். மறுநாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது பாலிசியில் அவர் மட்டும். நான் பஸ். கார் கேட்டுக்குள்.

ஒன்று கேட்கட்டுமா? பாலிசியில் ஒருவர் பெயர் மட்டும் இருக்கிறது. ஒருநாள் அவருக்கு முடியவில்லை என்றால், பெயர் இல்லாத ஆள் ஓட்டக்கூடாதா? அவசரத்துக்குக்கூட? சும்மாதான் கேட்கிறேன்.

ஏப்ரல் பத்தாம் தேதி, வியாழக்கிழமை, கடையில் சரக்கு எண்ணும் நாள். காலை எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கினால் ராத்திரி ஏழுக்குத்தான் தூக்குவார்கள். சாப்பாடுகூட உள்ளேதான். போன வருஷம் ஒரு இருமல் மருந்து பாட்டில் குறைந்ததற்காக எல்லோரையும் திரும்ப எண்ண வைத்தார் முதலாளி. கடைசியில் அது அவர் மேஜை டிராயரில் இருந்தது. பாதி காலி.

ஏழாம் கேள்விக்கு: எனக்கு முழங்கால் வலி. திருப்தியா?

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


ஏப்ரல் 3, காலை 8.05

அக்காவுக்கு,

பெயர் இல்லாத ஆள் ஓட்டி இடித்தால் கம்பெனி ஒரு பைசா தராது. ஓட்டாதே. அவசரத்துக்கு டாக்ஸி இருக்கிறது.

முழங்கால் வலியால் கம்பெனிக்கு நஷ்டமில்லை, நீதான் இப்போது ஓட்டுவதில்லையே.

பழைய இரண்டு இடியின் போட்டோவும் இருந்தால் அனுப்பு. சரியாக ரிப்பேர் செய்யாத கீறல் இருந்தால் அடுத்த புதுப்பிப்பில் அதையும் பிடித்துக்கொள்வார்கள்.

நான் நலம். நீங்களும் என்று நம்புகிறேன்.

கணக்கு


ஏப்ரல் 29

அன்புத் தம்பிக்கு,

நீ கேட்ட போட்டோக்களை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு இல்லை, மூன்று.

இந்த மாதம் பத்தாம் தேதி மத்தியானம், வாண்டுவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து உள்ளே நிறுத்தும்போது, கேட்டுத் தூணில் தேய்த்துவிட்டேன். நீ ஓட்டாதே என்று எழுதியிருந்தாய், தெரியும். திட்டு. பாலிசியில் நான் இல்லாததால் க்ளெய்ம் கேட்கவில்லை, நாங்களே பட்டறையில் தட்டிக்கொள்கிறோம்.

வாண்டு பின்சீட்டில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கத் தயாராக நின்றிருக்கிறாள். வண்டி சட்டென்று நின்றதும் முன்சீட்டில் மோதி நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கம். மூன்று நாளில் வற்றிவிட்டது. பள்ளியில் எல்லோரிடமும் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டாள். மூன்றாவது போட்டோவில் விரல் நீட்டிக்கொண்டு நிற்கிறாளே, பார்.

அவர் அன்றைக்கெல்லாம் அவள் நெற்றிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நீ நன்றாக இரு.

அக்கா


மே 6, செவ்வாய், மாலை 6.20. போட்டோ மூன்று, பொய் மூன்று

அக்கா,

நலம் விசாரிக்கப்போவதில்லை. நேராக வருகிறேன்.

மூன்று போட்டோவையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். சுவர், தள்ளுவண்டி, தூண். மூன்று கீறலும் வலது பக்கம். மூன்றும் முன் கதவுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில்.

உன் கார் ஸ்டியரிங் வலது பக்கம். ஓட்டத் தெரியாதவன் தேய்ப்பது தனக்கு எட்டாத பக்கத்தை, அதாவது இடது பக்கத்தை. தான் உட்கார்ந்திருக்கும் பக்கம் கண் எதிரே இருக்கிறது. எங்கள் ஆபீஸில் இப்படிப்பட்ட படங்களைத் தினமும் பார்க்கிறேன். ஒருவர் தன் பக்கத்தையே, ஒரே இடத்தில், மூன்று முறை தேய்த்து நான் பார்த்ததில்லை. அப்படித் தேய்த்தால் அவருக்கு ஓட்டத் தெரியாது என்று அர்த்தமில்லை. அந்தப் பக்கம் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஏப்ரல் பத்து மத்தியானம் நீ கேட்டில் தேய்த்தாயாம். அன்று காலை எட்டிலிருந்து ராத்திரி ஏழு வரை நீ ஷட்டருக்குள் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாய். மார்ச் கடிதத்தில் நீயே எழுதியது. கதை என்று நான் தள்ளிவிட்ட வரி.

நீ ஓட்டவில்லை. மூன்று தடவையும் ஓட்டியது அத்தான். டம்ளரை எந்தப் பக்கம் வைத்தாய் என்று நான் கேட்கத் தேவையில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் ஏன் ஒரு கீறல்கூட இல்லை என்பதும் புரிகிறது. அங்கே அவர் உட்காருவது இடது சீட். வலது பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஸ்டியரிங்கில் ஒரு பையன் இருக்கிறான்.

அவர் மட்டும் ஓட்டட்டும் என்று எழுதியது நான். குறுகல் கேட்டுக்குள் நிறுத்து என்று எழுதியதும் நான். வாண்டுவின் நெற்றி அந்த இருபத்திரண்டு சதவிகிதத்தில் அடக்கம்.

உடனே போன் செய்தேன். வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் ஒரே நம்பர், அத்தான்தான் எடுத்தார்.

"யாரு, மாப்ளயா! நீ போன் பண்ணிருக்கியா? ஊர்ல மழை வரப்போகுது."

"அத்தான், ஒரு விஷயம்."

"சொல்லு."

சொல்ல வந்தது எனக்கு வாயில் வரவில்லை. அக்கா, உனக்குச் சிரிப்பு வரும். ஆபீஸில் எத்தனையோ பேரிடம் முகத்துக்கு நேரே சொல்கிறவன், அவரிடம் "உங்களுக்குக் கண் தெரியல" என்று ஐந்து மாநிலம் தள்ளி நின்றுகூடச் சொல்ல முடியவில்லை.

"அத்தான், உங்க பாலிசி இன்னும் அமலுக்கு வரல. பேப்பர்ல ஏதோ சிக்கல். அது வர்ற வரைக்கும் கார எடுக்காதீங்க."

"என்ன மாப்ள சொல்ற? அப்ப இத்தன நாளா இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியவா ஓட்டிட்டு இருந்தேன்?"

"ஆமா அத்தான்."

"ஐயையோ. நானே ஊருக்குப் பாடம் எடுக்கறவன். இரு." ஆணியில் சாவி மாட்டும் சத்தம் கேட்டது. "மாட்டிட்டேன். நீ சொல்றவரைக்கும் தொடமாட்டேன், போதுமா?"

நான் சொன்ன முதல் பொய் இது. ரொம்ப நாள் தாங்காது. அதற்குள் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. எழுத்தைப் படிக்கச் சொல்லும் சோதனை போதாது, அதில் அவர் பாஸ் ஆகிவிடுவார். ஓரப்பார்வையைச் சோதிக்கச் சொல்.

ஏழாம் கேள்விக்குப் பதில் எழுது.

கணக்கு


மே 24

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில், மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று படித்தேன். முதலில் கோபம் வந்தது. அப்புறம், அப்பாடா, இனி நான் ஒருத்தியாகச் சுமக்க வேண்டாம் என்று இருந்தது.

ஆமாம். மூன்றும் அவர்தான்.

சுவரில் இடித்த அன்று அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "பலகைய எறக்கணும்" என்றார். அந்தப் பலகையை நம்பித்தானேடா ஸ்கூல் ஓடுகிறது. "என் பேர்ல நானே எழுதிக்குடுக்கறேன். என் பேர எந்தப் பலகைலயும் எழுதலையே" என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் எழுதினேன். ஒரு தடவை எழுதினால் இரண்டாவது தடவை கை தானாகவே எழுதுகிறது.

அப்போது அவருக்குக் கவனக்குறைவு என்றுதான் நினைத்தேன். தள்ளுவண்டிக்குப் பிறகுதான் சந்தேகம். எங்கள் கடைக்குக் கண் சொட்டு மருந்து வாங்க வருகிறவர்களில் சிலர், கவுண்டரில் ஓரமாக நான் வைக்கும் மீதிச் சில்லறையைப் பார்க்காமலேயே போவார்கள். கூப்பிட்டுக் கொடுப்பேன். ஒருநாள் இவரும் அப்படி, வலது கைப்பக்கம் வைத்த சாவியைத் தேடிக்கொண்டு நின்றார். கடைத்தெருவில் அவருக்கு வலது பக்கமாக நடந்து பார்த்தேன். பேச்சுக் கொடுத்தால்தான் திரும்பினார்.

கண்ணைக் காட்டுவோம் என்று இரண்டு தடவை கேட்டேன். "நூறடி தள்ளி நிக்கற லாரி நம்பர நான் படிக்கறேன், நீ படி பாக்கலாம்" என்றார். படித்தேன், நான்தான் தப்பாகப் படித்தேன். நேராகப் பார்த்தால் எறும்பின் மீசைகூட அவருக்குத் தெரிகிறது.

ஏழாம் கேள்வியை ஒவ்வொரு தடவையும் எழுத உட்கார்ந்தேன். 'இல்லை' என்று எழுதக் கை வரவில்லை. 'உண்டு' என்று எழுதினால் அவர் தொழில் போய்விடுகிறது. முழங்கால் என்று எழுதினேன்.

இப்போது அவரும் வாண்டுவும் நடந்தே போகிறார்கள். "பேப்பர் வரல, பேப்பர் வரல" என்று தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார். வாண்டுவுக்குச் சந்தோஷம். அவள் அவருக்கு வலது பக்கத்தில்தான் நடக்கிறாள், நான் சொல்லிவைத்திருக்கிறேன்.

நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ பேசாதே, எழுதாதே. எனக்குக் கொஞ்சம் நாள் கொடு.

அக்கா


ஜூன் 10

அன்பு மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். நடைபாதையில் ஏறாமல், ரோட்டிலேயே போகப் பார்க்கிறேன்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பேப்பர் என்ன ஆயிற்று என்று கம்பெனிக்குப் போன் போட்டேன். "உங்க பாலிசி மார்ச்லயே அமலுக்கு வந்துடுச்சு சார், ஒரு சிக்கலும் இல்ல" என்றாள் அந்தப் பெண். போனை வைத்துவிட்டு யோசித்தேன். உன் அக்கா கல்யாணத்தன்று, மாப்பிள்ளைக்கு முன்தலையில் வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது என்று சபையில் சொன்னவன் நீ. நீ ஒருவனிடம் பொய் சொல்கிறாய் என்றால் அவனுக்கு ஏதோ பெரிய விஷயம் நடந்திருக்கிறது. உன் அக்காவிடம் கேட்டேன். "உன் தம்பி எனக்குப் பொய் சொல்லிருக்கான். என்னடி ஆச்சு எனக்கு?" அவள் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எல்லாம் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி மெஷின். தாடையை வைத்துக்கொண்டு நடுவில் பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்கேயாவது புள்ளி வெளிச்சம் வந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். இடது கண்ணுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். வலது கண்ணுக்கு வந்ததும் ரொம்ப நேரம் வெளிச்சமே வரவில்லை. "ஏம்மா, மெஷின் நின்னுபோச்சு போல" என்றேன். மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸ் என் தலையை நேராக்கிவிட்டாள். "மெதுவா பாருங்க சார்" என்றாள். என்னிடம் ஒருவர் மெதுவா என்று சொன்னது அன்றுதான்.

வலது கண்ணில் அழுத்தம் ஏறி ஓரப்பார்வை போய்விட்டதாம். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார் டாக்டர். உன் அக்காவே கடையிலிருந்து எடுத்துவந்து அவளே விடுகிறாள். இவ்வளவு நாளும் கழுத்தைத் திருப்பித் திருப்பி, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துச் சமாளித்திருக்கிறேன். அதை அனுபவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் இனி ஓட்டுவதில்லை. லைசென்ஸை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்கூல் காரில் உட்கார ஒருவரை வேலைக்கு வைத்தாயிற்று. ரோட்டு விதி, கண்ணாடி பார்ப்பது, பிரேக் போடும் தூரம் என்று வகுப்புப் பாடத்தை நான் எடுக்கிறேன்.

பெயிண்டரைக் கூப்பிட்டுப் பலகையை மாற்றச் சொன்னேன். 'பத்தொன்பது ஆண்டு, மூன்று கீறல்.' அவன் ஏணியில் நின்றுகொண்டே, "சார், இதைப் படிச்சுட்டு எவன் சார் உள்ள வருவான்?" என்றான். "கீழ இன்னொரு வரி எழுது. 'கண் சோதனை செய்யாதவர்களுக்கு இங்கே வகுப்பு இல்லை.' படிச்சுட்டு வர்றவன் வந்தா போதும்" என்றேன். முதல் வாரம் யாரும் வரவில்லை. இந்த வாரம் இரண்டு பேர். ஒருவன் தன் அப்பாவையும் கண் சோதனைக்கு அனுப்பினானாம்.

இப்போது நான் உன்னிடம் கேட்பது. அந்த இரண்டு க்ளெய்மும் உன் அக்கா பெயரில் இருக்கிறது. அதை என் பெயருக்கு மாற்ற வழி சொல். பணம் திருப்பிக் கட்டச் சொன்னால் கட்டுகிறேன். நன்றாக ஓட்டுகிறவள் ஓட்டத் தெரியாதவள் என்று ஒரு கம்பெனி கோப்பில் இருக்கக்கூடாது. அன்று அவள் எழுதும்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உன் ஏழாம் கேள்விக்குப் பதில்: உண்டு.

உன் பொய்க்கு நன்றி. இனிமேல் வேண்டாம், உனக்கு அது வரவில்லை.

அன்புடன்,
அத்தான்


ஜூன் 17, செவ்வாய், காலை 6.50. கேள்வி ஏழு, பதில் ஏழு

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

எல்லோரும் நலமா? இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன். சொட்டு மருந்து எத்தனை வேளை, கண் எரிகிறதா, வாண்டுவுக்கு அடுத்த பல் எப்போது, எல்லாவற்றையும் எழுது அக்கா. கதையோடு எழுது. இனி ஒரு வரி விடாமல் படிப்பேன்.

அத்தான், க்ளெய்ம் விஷயம். நடந்ததை நடந்தபடி கம்பெனிக்கு எழுதுங்கள், உங்கள் கையெழுத்தில். அவர்கள் கோபப்படலாம், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், பாலிசியை நிறுத்திவிட்டுப் புதிதாக எடு என்றும் சொல்லலாம். அக்காவும் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அதற்கும் கேள்வி வரும். நான் தேன் தடவிச் சொல்லவில்லை. ஆனால் அவள் ஓட்டி எதிலும் இடித்ததில்லை என்பது அப்போதுதான் கோப்பில் ஏறும்.

புதுக் கணக்கும் போட்டுவிட்டேன். ஓட்டுபவர் அக்கா மட்டும். கார் இப்போதைக்குத் தெருவில் நிற்கும். மருந்துக் கடை, பள்ளி, ஆஸ்பத்திரி என்று கிலோமீட்டர் கூடும். மறைத்த விஷயம் வெளியே வந்ததற்கும் சேர்த்துப் பார்த்தால், நீ முதல் கடிதத்தில் "ஏன்டா ஏறுது" என்று கேட்ட தொகையைவிட இன்னும் ஏறுகிறது. அக்கா, கட்டு. சரியான விலை அதுதான்.

நான் செய்யப்போவது:

1. ஜூன் 27 முதல் பத்து நாள் லீவு. எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி காரணம் கேட்டார், குடும்பம் என்றேன். உனக்குக் குடும்பம் உண்டா என்றார்.

2. அத்தானோடு அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நான் போவேன். அவருக்கு வலது பக்கத்தில் நடப்பேன்.

3. கொத்தனாரைக் கூப்பிட்டு, கேட்டின் வலது தூணை இடித்து ஓரடி தள்ளிக் கட்டச் சொல்வேன். ஒரு சாண் தாராளம் என்று எழுதியவன் செலவு அது.

4. எங்கள் ஆபீஸில், ஒருவருடைய கார் ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப அடிபட்டால் விலையை ஏற்றுவதற்கு முன்னால் அவரைக் கண்ணைக் காட்டச் சொல்லி எழுத வேண்டும் என்று கேட்பேன். முடியாது என்பார்கள். திரும்பக் கேட்பேன்.

5. வாண்டுவிடம், வண்டி நின்ற பிறகுதான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும் என்று நூறு தடவை சொல்வேன். நூற்றியோராவது தடவையும் கழற்றுவாள். அதற்கும் விடை வைத்திருக்கிறேன்: அவள் பக்கத்தில் நானே உட்காருவேன்.

6. கண் சோதனை செய்துகொண்டு, அந்தச் சீட்டோடு அத்தான் வகுப்பில் சேருவேன். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆற்றில் இறங்கியே ஆழம் பார்க்கிறேன்.

7. வகுப்பில் அத்தான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால், அவர் முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். நீ ஆரம்பித்தாலும் அப்படித்தான் அக்கா. போன் செய்து பார்.